சோதனைத் தண்ணீர்

பெரு நாட்டு மலையூரான யுராக்பம்பாவுக்குப் புதிய குடிநீர்த் திட்டம் கிடைத்துவிட்டது என்று நகராட்சி இஞ்சினியர் அறிவித்ததும் பள்ளிக்கூடத்தில் கூடியிருந்த ஊரே கைதட்டியது. எவுதோசியாவும் தட்டினாள். ஊரின் தண்ணீர்க் குழுவுக்கு அவள் தலைவியாகி நாலு வருஷம். நகராட்சிப் படிகளில் ஏறி இறங்கிக் கால் தேய்ந்ததற்குப் பலன் வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். இஞ்சினியர் ரொசாலெஸ் வரைபடத்தை மேசையில் விரித்து, நீலக் கோட்டின் மேல்நுனியில் விரலை வைத்துக் காட்டியபோது அவள் கை பாதியில் நின்றது.

"ஐயா, இது பெரிய ஓடைல்ல?"

"ஆமாம்மா. அங்கேருந்துதான் எடுக்கறோம்."

"அந்த ஓடை செத்து ஆறு வருஷமாச்சே!"

ரொசாலெஸ் நல்ல மனிதர்தான். முப்பது வயசு இருக்கும், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அவர் விரலை எடுக்கவில்லை. "கோப்புல இந்த ஓடைதாம்மா இருக்கு," என்றார்.

ஓடை செத்த கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். மலையுச்சிப் பனி மேலே மேலே ஏறிப் போக, அதுவரை வெயிலே கண்டிராத கரும்பாறை வெளியே வந்தது. அந்தப் பாறையைக் கழுவிக்கொண்டு வந்த தண்ணீர் முதலில் மீனைக் கொன்றது. அப்புறம் கல்லெல்லாம் துருப்பிடித்த தகரம்போல் ஆயிற்று. வாயில் வைத்தால் ஆணியைச் சப்பின மாதிரி ஒரு புளிப்பு. வெள்ளைத் துணியை அலசினால் பழுப்பாகத்தான் எடுக்க முடியும். அதைக் குடித்த மாடுகள் கன்றை முழு மாசம் சுமக்கவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் ஹுவாராஸ் நகரத்தில் சோதனைக்குக் கொடுத்து வாங்கி வந்த காகிதத்தில் இரும்பு, மாங்கனீஸ், இன்னும் என்னென்னவோ எழுதியிருந்தது. "காய்ச்சிக் குடிக்கலாமா?" என்று எவுதோசியா கேட்டதற்கு, "காய்ச்சினா கிருமிதான் சாகும், இரும்பு சாகாது" என்றாள் நர்ஸ்.

அன்றிலிருந்து ஊர் குடிப்பது பள்ளிக்குப் பின்னால் கசியும் ஒரு சின்ன ஊற்றுத் தண்ணீரைத்தான். ஒரு வாளி நிறைய அரை மணி நேரம் ஆகும். ஜூலை வெயிலில் அதுவும் வற்றிவிட்டால் கழுதையை ஓட்டிக்கொண்டு கீழே ஆற்றுக்குப் போக வேண்டியதுதான்.

"இந்தக் கோப்ப எப்ப எழுதினாங்க?" என்று கேட்டாள்.

ரொசாலெஸ் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "ஒன்பது வருஷம் ஆகுது."

"அப்ப ஓடை நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப வந்து பாருங்க."

"பார்த்தேம்மா. எனக்கும் கண்ணு தெரியும். வடிகட்டி ஒண்ணு வைக்கறோம்."

"வடிகட்டி சேத்த நிறுத்தும். கரைஞ்சு வர்ற இரும்ப நிறுத்துமா?"

அவர் வரைபடத்தைச் சுருட்டினார்.

மறுநாளே எவுதோசியா சோதனைக் காகிதத்தைச் சால்வைக்குள் மடித்து வைத்துக்கொண்டு விடியற்கால வேனில் நகரத்துக்குப் போனாள். நகராட்சியில் மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி காகிதத்தை முழுதாகப் படித்தார். படித்துவிட்டு, "இது ரொம்ப முக்கியமான காகிதம்," என்றார். "பத்திரமா வச்சுக்குங்க." தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்றினால் கோப்பு மாறும், கோப்பு மாறினால் புது ஆய்வு வேண்டும், அதற்கு மூன்று வருஷம் ஆகும், டிசம்பருக்குள் வேலையை முடிக்காவிட்டால் ஒதுக்கின நிதி தலைநகர் லிமாவுக்கே திரும்பிப் போய்விடும் என்று ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னார். "இந்தத் திட்டமே வேணாம்னு எழுதித் தர்றீங்களா? உங்க பின்னால நாப்பது ஊர் வரிசைல நிக்குது."

எழுதித் தர அவளுக்குக் கை வரவில்லை. வேண்டாம் என்று சொன்ன தலைவி என்று ஊர் அவளைத் தின்றுவிடும். வேண்டும் என்று சொன்னாலோ சிவப்புத் தண்ணீருக்குச் சிமென்ட்டில் கோயில் கட்டுவார்கள். எதையும் எழுதித் தராமலே வேன் ஏறித் திரும்பினாள்.

ஜூன் மாசம் வேலை தொடங்கிற்று. மேலே லாரி போகப் புதுப்பாதை வெட்டினார்கள். ஊர் முகப்பில் 'பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் குடிநீர்த் திட்டம்' என்று வீட்டுச் சுவரைவிடப் பெரிய பலகை ஒன்றை நட்டார்கள். ஊர் ஆண்களில் பாதிப்பேருக்கு அங்கே கூலி வேலை. எவுதோசியாவின் கொழுந்தன் ஃபோர்துனாத்தோ கொத்தனார். தொட்டிச் சுவர் முழுக்க அவன் கைவேலைதான். சாயங்காலம் சட்டையெல்லாம் சிமென்ட்டாக வந்து, அண்ணன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து வறுத்த சோளத்தைக் கொறித்தபடி அவளைச் சீண்டுவான்.

"அண்ணி, வருஷம் பூரா தொட்டி தொட்டின்னு கத்தினீங்க. தொட்டி வந்துருச்சு. இப்பவும் கத்துறீங்க."

"தொட்டி வந்துச்சு. அதுல எதப்பா ஊத்துவீங்க?"

"எதாவது வரும். குழாய்னு ஒண்ணு இருந்தா தண்ணி தானா வரும்."

"உங்க அண்ணங்கிட்டேயும் இதே புத்திதான். பாத்திரம் இருந்தா சோறு தானா வரும்னு நெனப்பு."

அவள் கணவன் சோசிமோ பேச்சில் கலந்துகொள்ளவில்லை. தன்னைப் பற்றிச் சொன்னது மட்டும் காதில் விழாத மாதிரி இருப்பது அவன் பழக்கம்.

நவம்பரில் வேலை முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரொசாலெஸ் வந்து ஊர்ப் பொதுக்குழாயைத் திறந்தார். குழாய் இரண்டு முறை செருமியது, காற்றைத் துப்பியது, அப்புறம் தண்ணீர் விழுந்தது. கண்ணாடி மாதிரி தண்ணீர்.

பெண்கள் "ஏ, ஏ!" என்று கூவினார்கள். எவுதோசியா கிட்டப் போய் உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். வாயில் வைத்தாள். புளிப்பில்லை, ஆணி வாசம் இல்லை. வெறும் தண்ணீர். செத்துப்போகும் முன் ஓடைக்கு இருந்த ருசி. அவள் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'நாந்தான் தப்பாப் பேசினேனோ, வடிகட்டியப் பத்தி எனக்கு என்ன தெரியும், அவரு படிச்சவரு' என்று மனசு ஓடிற்று. அப்படி இருக்க வேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவளுக்கே அப்போது தெரியவில்லை.

"பாத்தீங்களா அண்ணி?" என்றான் ஃபோர்துனாத்தோ. ஆனால் சிரிக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அதை அவள் கவனித்தாள், பொருட்படுத்தவில்லை.

ரொசாலெஸ் ஏற்புப் படிவத்தை நீட்டினார். வேலை முறையாக முடிந்தது, குழாயில் தண்ணீர் வருகிறது, ஊர் பெற்றுக்கொண்டது என்று மூன்று வரி. எல்லாருக்கும் முன்னால் எவுதோசியா கையெழுத்துப் போட்டாள். முத்திரையும் குத்தினாள். அன்று ஒரு ஆட்டை அடித்து இஞ்சினியருக்கு விருந்து வைத்தார்கள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் ஊர் துணி துவைத்தது. வெள்ளிக்கிழமை காலை அவள் காப்பிக்குப் பாத்திரத்தைக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் தேநீர் நிறத்தில் விழுந்தது.

அவள் பாத்திரத்தை அங்கேயே போட்டுவிட்டு மேட்டில் ஏறினாள். முக்கால் மணி நேர ஏற்றத்தை எங்கும் நிற்காமல் ஏறினாள். தொட்டியருகே ஈரமண்ணில் கனமான லாரி வந்து திரும்பின தடம் இருந்தது. முந்தின வாரத்துத் தடம், ஓரமெல்லாம் காய்ந்திருந்தது. ஓடையிலிருந்து வரும் குழாயின் திருகு புதிதாகத் திறக்கப்பட்டிருந்தது. தொட்டிக்குள் சிவப்பு பாதி ஏறியிருந்தது.

இறங்கி நேராக ஃபோர்துனாத்தோ வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"லாரில தண்ணி கொண்டாந்து ஊத்தினீங்களா?"

அவன் ஒரு பூட்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "தொட்டியக் கழுவன்னு சொன்னாரு அண்ணி. ரெண்டு லாரி. நாந்தான் குழாயப் பிடிச்சேன்."

"கழுவற தண்ணியவா நான் கண்ணுல தண்ணி வர ருசி பாத்தேன்? அங்கேயே நின்னியே, ஒரு வார்த்த சொல்ல வாய் வரலயா?"

"சொல்லியிருந்தா கடைசி வாரக் கூலி வந்திருக்காது," என்றான் மெதுவாக. "எனக்கு மட்டுமில்ல. இருபது பேருக்கு."

ரொசாலெஸுக்குப் போன் போட மேட்டுத் தேவாலயத்தடிக்குப் போக வேண்டும். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். அவர் உடனே எடுத்தார். அவள் கத்தினதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"தொட்டி கசியுதான்னு சோதிக்கச் சுத்தமான தண்ணிதாம்மா ஊத்தணும். அது விதி. நான் ஏமாத்தல."

"அது சோதனைத் தண்ணின்னு எங்ககிட்ட சொன்னீங்களா?"

"நீங்க கேக்கலையேம்மா."

அவள் போனை அணைத்தாள். அவர்மேல் வந்த கோபத்தைவிட அவள்மேலேயே வந்த கோபம்தான் அதிகம். நாலு வருஷம் ஒவ்வொரு காகிதத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள், ஒரு வாய் நல்ல தண்ணீருக்கு எல்லாவற்றையும் மறந்து கையெழுத்தைப் போட்டுவிட்டாள்.

ஊர்க்கூட்டத்தில் அதைத்தான் எல்லாரும் சொன்னார்கள். "கையெழுத்துப் போட்டது யாரு? நாங்களா போட்டோம்?" என்று முன்வரிசையில் இருந்த ஒருத்தி கேட்டாள், விருந்தன்று எலும்பை உறிஞ்சிக்கொண்டு எவுதோசியாவைக் கட்டிப்பிடித்தவள் அவள். எவுதோசியா முத்திரையை மேசைமேல் வைத்து, "இந்தாங்க, வேற யாராச்சும் எடுத்துக்குங்க," என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. முத்திரையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப வாயை மூடிக்கிட்டு நான் சொல்றதக் கேளுங்க," என்றாள்.

அவள் சொன்னது துல்பா ஊற்றைப் பற்றி. துல்பா பக்கத்து ஊர். அவர்களுடைய ஊற்று பனியை நம்பினதல்ல. மேட்டுப் புல்வெளியில் விழுகிற மழை மண்ணுக்குள் இறங்கி அடிவாரத்தில் எட்டிப் பார்க்கிற ஊற்று. அதைக் கேட்கப் போவதென்றால் பழைய சண்டையைத் தாண்டிப் போக வேண்டும். அந்தப் புல்வெளியில் எல்லைக்கோடு எங்கே என்பதில் இரண்டு ஊருக்கும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. இதற்கிடையில் யுராக்பம்பா ஆடுகள்தான் அதை மொட்டையடித்துக்கொண்டிருந்தன.

துல்பாவின் தண்ணீர்க் குழுத் தலைவி கிரிசாந்தா. எவுதோசியாவைவிடப் பத்து வயசு மூத்தவள். பால் கறந்துகொண்டே பேசினாள், எழுந்திருக்கவில்லை.

"உங்க ஊருல பெரிய தொட்டி கட்டியிருக்காங்களாமே. எங்க பிள்ளைங்கெல்லாம் போயி வேடிக்க பாத்துட்டு வந்துச்சு."

"தொட்டி இருக்குக்கா. தண்ணி இல்ல."

"எங்ககிட்ட தண்ணி இருக்கு. தொட்டி இல்ல. அதுக்காக உங்க வாசல்ல வந்து நின்னோமா?"

"நின்னிருக்கணும்க்கா. ரெண்டு பேரும் சேந்து கேட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்காது."

கிரிசாந்தா கறப்பதை நிறுத்தி அவளைப் பார்த்தாள். "வா, காட்டறேன்," என்று கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஊற்று முன்பு தொடை அளவு விழுந்ததாம். இப்போது மணிக்கட்டு அளவு. "மழை குறையல. நாலு மாசம் பெஞ்சது இப்ப நாலு வாரத்துல கொட்டித் தீத்துட்டுப் போயிருது. மண்ணுல இறங்க நேரமில்ல. மேல புல்லு இருந்தாலாவது பிடிச்சு நிறுத்தும். உங்க ஆடு வேரோட தின்னுருச்சு." அவள் நிபந்தனை எளிது. ஆடுகள் மேட்டை விட்டு இறங்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே பள்ளங்கள் வெட்டி மழையை நிறுத்த வேண்டும். அந்த வேலைக்கு யுராக்பம்பா ஆள் அனுப்ப வேண்டும். அடுத்த வெயில் காலத்தில் ஊற்று மிஞ்சினால், மிஞ்சினது யுராக்பம்பாவுக்கு. "மிஞ்சலன்னா இல்ல. எங்கிட்ட வந்து அழக்கூடாது."

வீட்டில் சொன்னபோது சோசிமோ தட்டைத் தள்ளி வைத்தான். மேட்டில் மேய்ந்தவற்றில் முப்பத்தாறு ஆடு அவனுடையது.

"எவு, ஒண்ணு கேக்கறேன். மலைமேல பனிய உருக்கினது என் ஆடா?"

"இல்ல."

"ஓடைல இரும்பக் கலந்தது என் ஆடா?"

"இல்லய்யா."

"ஒன்பது வருஷக் கோப்பத் தூக்கிட்டு வந்து சாமி கும்பிடறது என் ஆடா?"

"இல்லன்னு சொல்றேனே!"

"அப்ப தண்டன மட்டும் ஏண்டி அதுக்கு?"

யார் உருக்கினார்களோ அவர்கள் அவள் ஏறின எந்த வேனும் போகாத தூரத்தில் இருந்தார்கள். கைக்கு எட்டினது ஆடுதான். "எங்கிட்ட வேற என்ன இருக்கு குடுக்க?" என்றாள். அவள் குரல் உடைந்ததைக் கேட்டு அவன் எழுந்து வெளியே போனான். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை ஆடுகளை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனான். ஆறே ஆறுதான் திரும்பி வந்தன. அவற்றைத் தோட்டத்தில் கட்டிப்போட்டுவிட்டு, "உன் ஊத்துக்கு ஒரு வார்த்த சொல்லிரு, சோசிமோ செத்துட்டான்னு," என்றான்.

நாற்பத்தொரு குடும்பத்தில் வேலைக்கு வந்தது பத்தொன்பது. அதிலும் முக்கால்வாசி பெண்கள். டிசம்பர் மழையில் முழங்கால் சேற்றில் நின்று, சரிவுக்குக் குறுக்காகப் பள்ளம் வெட்டினார்கள். ஃபோர்துனாத்தோ முதல் நாளே கடப்பாரையோடு வந்துவிட்டான். எவுதோசியா அவனிடம் பேசவில்லை. அவனும் பேச்சை எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் முந்தி வந்து எல்லாருக்கும் பிந்திப் போனான். மற்ற இருபத்திரண்டு குடும்பங்கள் ஏதாவது சாக்குச் சொல்லி ஆடுகளை மேலே ஏற்றும்; கிரிசாந்தா நாயை ஏவி விரட்டுவாள்; ராத்திரி அதற்குத் தனிப் பஞ்சாயத்து.

ஜூலை வெயிலிலும் ஊற்று கொஞ்சம் தடித்தது. ஒப்புக்கொண்டபடி கிரிசாந்தா ஒரு இஞ்சுக் குழாய் போட்டுக்கொள்ளச் சொன்னாள். யுராக்பம்பாக்காரர்கள் ஓடைத் திருகை இறுக்கி மூடி, துல்பா குழாயைப் புதுத் தொட்டியில் இணைத்தார்கள். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். அந்த முதல் காலை யாரும் கூவவில்லை. ஒவ்வொருத்தியும் குழாயடியில் கொஞ்சம் ருசி பார்த்து, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து, இன்னொரு வாய் குடித்துவிட்டுத்தான் குடத்தை வைத்தாள். வேலைக்கு வராத குடும்பங்களும் குடத்தோடு வந்து நின்றன. எவுதோசியா பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களுக்கும் விட்டாள். பிள்ளைகள் பள்ளம் வெட்டினது யார் என்று கேட்டா குடிக்கும்?

ஆகஸ்டில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. திட்டக் கோப்பில் இல்லாத நீராதாரம் அனுமதியின்றித் தொட்டியில் இணைக்கப்பட்டுள்ளது. முப்பது நாளுக்குள் பழைய நிலைக்குக் கொண்டுவராவிட்டால் நகராட்சி ஏற்ற பராமரிப்புப் பொறுப்பு ரத்தாகும். கீழே கையெழுத்து புதியவர் ஒருவருடையது. ரொசாலெஸ் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

அவள் மறுபடியும் வேன் ஏறினாள்.

"பழைய நிலைன்னா என்னங்க ஐயா? சிவப்புத் தண்ணியா?"

"அங்கீகரிச்ச ஆதாரம்," என்றார் புதியவர். "மாத்தணும்னா விண்ணப்பம் குடுங்க. ஆய்வு செய்வாங்க."

"எவ்வளவு நாளாகும்?"

"சாதாரணமா மூணு வருஷம்."

"நான் போன வருஷம் கேட்டப்பவும் மூணு வருஷம்னாங்க. அன்னிக்கே ஆரம்பிச்சிருந்தா இப்ப ரெண்டு வருஷம்தானே பாக்கி?"

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். அதில் 'ஆதாரத்தை மாற்றுவதற்கான காரணம்' என்று ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். எழுத்தைச் சின்னதாக்கி, ஓரம்வரை நெருக்கி, காகிதத்தின் பின்பக்கமும் எழுதிக் கொடுத்தாள். "பின்பக்கம் எழுதினத யாரும் படிக்க மாட்டாங்கம்மா," என்றார் அவர். "நீங்க படிங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள். குழாயைப் பிரிக்கவில்லை. பிரிக்க வருகிறவர்கள் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

வந்தது அவர்கள் அல்ல. செப்டம்பர் கடைசியில் கிரிசாந்தா வந்தாள். அக்டோபர் மழையின் அறிகுறியே இல்லை. வானம் துடைத்துவிட்டது போலிருந்தது.

"ஊத்து இறங்குது எவுதோசியா. எங்க ஆளுங்க முணுமுணுக்கறாங்க. இனிமே காலைல மட்டும்தான். அதுவும் அரை மணி."

"பள்ளமெல்லாம் வெட்டினோமேக்கா."

"வெட்டினதாலதான் இன்னிக்கு வரைக்கும் வந்துச்சு. இல்லன்னா ஜூலைலயே நின்னிருக்கும். ஒரு வருஷத்துல மண்ணு மனசு மாறுமா? இன்னும் வெட்டணும். நாலஞ்சு வருஷம் வெட்டணும்." கிரிசாந்தா அவள் தோளில் கையை வைத்தாள். "அழக்கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேன்."

"அழலக்கா. எரிச்சலா வருது."

"அது வரலாம்."

மறுநாள் காலை நாற்பத்தொரு குடும்பத்துக் குடங்களும் வரிசையில் நின்றன. அரை மணி முடியும்போது பதினாறு குடம் பாக்கி இருந்தது. அவற்றில் ஒன்று பிரசவமாகி எட்டு நாளே ஆன ஒரு பெண்ணுடையது. எவுதோசியா அதை இழுத்து முன்னால் வைத்தாள்; பின்னாலிருந்து நாலு பேர் கத்தினார்கள். அந்தக் குடம் நிறைந்ததும் திருகில் கையை வைத்தாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் விடேன், துல்பாக்காரியா வந்து பாக்கப்போறா?" என்றாள் ஒருத்தி.

"பாக்க மாட்டா," என்றாள் எவுதோசியா. "விட மாட்டேன்."

திருகை மூடினாள். அவள் முகத்துக்கு நேரே சொன்னதையும் முதுகுக்குப் பின்னால் சொன்னதையும் கேட்டுக்கொண்டே, கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளம் வெட்ட மேட்டுப் பக்கம் நடந்தாள். வளைவில் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஏழு பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஏழு போதாது. குறைந்தது முப்பது வேண்டும்.